சேராத மஞ்சள் கோடு

செய்தி வந்தது சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு. என் கார் ஷெட்டின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேசை மேல் சார்ஜில் கிடந்த போனைப் பிடுங்கினேன். கையில் எடுக்கும்போதே அது அடித்தது. தனலட்சுமியின் கணவர் மூர்த்தி அண்ணன். "அண்ணாச்சி, தனம் செத்துப் பூட்டாபா" என்றார். "எந்த தனம்?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. காசிமேட்டு வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டதாம். நாற்பத்தெட்டு வயது. அன்று நாலு மணி வரை என் கண் எதிரில் ஒரு காருக்குக் கீழே படுத்து வேலை பார்த்தவர்.

போனை வைத்த பிறகுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். மூர்த்தி அண்ணனின் பெயருக்குக் கீழே தனத்தின் பெயர் இருந்தது. நான் எடுக்காத அழைப்புகள் இரண்டு. ஆறு பத்துக்கு ஒன்று, ஆறு பதினாலுக்கு ஒன்று. அந்த நேரத்தில் நான் ஷெட்டின் பின்பக்கம் கம்ப்ரஸர் இரைச்சலில் நின்றுகொண்டிருந்தேன். நெஞ்சு வலிக்கிறது, வண்டியை எடுத்துக்கொண்டு வா என்று கூப்பிட்டாரா? வேறு எதற்குக் கூப்பிடுவார்? நான் எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் காசிமேட்டில் இருந்திருப்பேன். அந்தக் கணக்கை அன்றிலிருந்து போட்டுக்கொண்டே இருக்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததும் அந்த இரண்டு அழைப்புகளால்தான். தனத்தைத் தெரிந்தவர்கள் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களில் பாதிப் பேரின் வண்டிக்குக் கீழே அவர் படுத்திருக்கிறார்.

'அவர்' என்று எழுதுவது அவருக்குத் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். நான் 'நீங்க' என்பேன், அவர் 'நீ' என்பார். என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கடை வைத்தவர் என்பதால் என்னை அண்ணாச்சி ஆக்கினார். பெரியவர் சின்னவரை அண்ணாச்சி என்று கூப்பிடலாமா என்று கேட்டதற்கு, "உன் மூஞ்சிக்கு அதான் செட் ஆவுது" என்று சொல்லிவிட்டார்.

பதினோரு வருடத்துக்கு முன்பு, திருவொற்றியூரில் இந்த ஷெட்டைத் திறந்த புதிதில், தன் தம்பியின் காரை விட வந்தார். நான் அப்போது இன்னொரு காருக்கு காயில்ஓவர் மாட்டிக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றாகச் சேர்த்த சாமான் அது. காரோடு வந்ததைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவார்கள். இதன் உடம்பெல்லாம் மரை. அடியில் இருக்கும் பிடியை அந்த மரையில் ஏற்றி இறக்கினால் வண்டி உயரும், தாழும். உயரம் சரியாக வந்ததும் ஒரு வளையத்தை இறுக்கிப் பூட்டிவிட வேண்டும். நாலு சக்கரத்துக்கும் நாலு வளையம்.

டேப்பை வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "இன்னாபா, வண்டில ஆளே இல்லாம அளக்கற?" அப்படித்தான் அளப்பார்கள் என்றேன். "எங்க நைனா போட்டை தண்ணில எறக்கி, ஐசு, வலை, ஆளு அல்லாத்தையும் ஏத்தி, அப்பால தான் எவ்ளோ முழுவுதுன்னு பாப்பாரு. காலி போட்டைப் பாத்து இன்னா தெரியும்?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போட்டும் காரும் ஒன்றா அம்மா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கார் சொந்தக்காரரை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி அளந்தேன். வலது முன்பக்கம் எட்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றார். அப்பாவின் போட் இன்ஜின் ஷெட்டில் சின்ன வயதிலிருந்து ஸ்பேனர் பிடித்தவராம். "நீ தனியா கஷ்டப்படறத பாத்தா பேஜாரா கீது. நான் கூட நிக்கறேன்" என்றார். வேலை கேட்டு வந்தவர் மாதிரியே இல்லை, வேலை கொடுக்க வந்தவர் மாதிரி இருந்தார். மறுநாளிலிருந்து டேப் அவர் கைக்குப் போனது.

அதிலிருந்து எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் வந்தது. உயரம் வைக்கும் நாளன்று, அந்தக் காரில் வழக்கமாக யார் யார் போவார்களோ அவர்கள் எல்லோரும் வந்து உட்கார வேண்டும். வெங்காய மண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பம் வந்த கதை உங்களில் சிலருக்குத் தெரியும். முன் சீட்டு யாருக்கு என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் ஷெட்டுக்குள்ளேயே சண்டை. கீழே படுத்திருந்த தனம் கத்தினார்: "சண்டைய வூட்ல போய் வச்சிக்கோங்கமா. அத்த, நீ ஆடிக்கினே இருந்தா நான் எத்த அளக்கறது?" அந்த அம்மாள் அடங்கிவிட்டார். பிறகு எடை எவ்வளவு என்று கேட்டதற்கு நாற்பத்தைந்து கிலோ என்றார். தனம் காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "அத்த, நான் கீழ படுத்துகினு கீறேன். என்னாண்ட பொய் சொல்லாத" என்றார். மருமகள் சிரித்த சிரிப்பில் கார் குலுங்கி, மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று.

எம்.கே.பி. நகரிலிருந்து வந்த ஒரு பையன், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் நுழையக் கூடாது, அவ்வளவு தாழ்வாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். நான் முடியாது என்று விரட்டப் பார்த்தேன். தனம் அவன் கேட்டபடியே இறக்கிக் கொடுத்து, அவனோடு ஏறி உட்கார்ந்து, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் குழி பறித்த சாலையில் ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னார். ஒவ்வொரு குழியிலும் அடி உரசும் சத்தம். திரும்பி வந்தபோது பையனுக்கு முகம் செத்துப்போயிருந்தது. தனம் திட்டவில்லை. "வண்டி ஷெட்டுல நிக்கறதுக்கு இல்லப்பா, வூடு போய் சேர்றதுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பையன் இன்றைக்கும் எங்களிடம்தான் வருகிறான்.

மஞ்சள் கோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளையத்தை இறுக்கி முடித்ததும், சின்னப் பெயின்ட் பேனாவால், வளையத்தின் மேலும் அடிப்பிடியின் மேலுமாகச் சேர்த்து ஒரே இழுப்பில் ஒரு கோடு போடுவார். வளையம் கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு இரண்டு துண்டாகிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தாலே பூட்டு நிற்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்தப் பேனாவை வேறு யாரையும் தொட விடமாட்டார். "இறுக்கினவ கைதான் கோடு போடணும்" என்பார்.

ஒருமுறை காலையில் வேலைக்கு வந்தவர் டப்பாவைக்கூடக் கீழே வைக்காமல், முந்தின நாள் போன வண்டி யாருடையது என்று கேட்டார். கொடுங்கையூர்க்காரர் வண்டி. பின்பக்கம் கோடு போட்டோமா இல்லையா என்று ஞாபகம் வரவில்லையாம். போன் பண்ணிக் கேளுங்கள் என்றேன். அவர்களுக்கு என்ன பார்க்கத் தெரியும் என்று இரண்டு பஸ் மாறிப் போய், தெருவில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். கோடு இருந்தது. ஒரு கோட்டுக்காக அரை நாளா என்று நான் எகிறினேன். வேலை நின்ற எரிச்சல் எனக்கு. "போட்டனா இல்லியான்னு தெரியாம எனக்கு எப்டி சோறு எறங்கும்?" என்றார்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ராயபுரத்தில் கடை வைத்திருக்கும் முத்தையா என்பவரின் கார். சாயங்காலமே புறப்பட்டுத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். காலையில் அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உட்கார, தனம் நாலு சக்கரத்துக்கும் உயரம் வைத்து, இறுக்கி, கோடும் போட்டுவிட்டார். மதியம் முத்தையாவின் அம்மா வந்து சேர்ந்தார். அவரும் ஊருக்கு வருகிறாராம், முன் சீட்டில். "இத்த காலைலயே சொல்லக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே தனம் மறுபடி கீழே படுத்தார். முன்பக்கம் இடது சக்கரத்தின் வளையத்தைத் தளர்த்தி, உயரத்தை ஏற்றினார். எழுந்தபோது முகமெல்லாம் வியர்வை. மார்பின் நடுவில் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"கேஸ் தான். சோடா குட்ச்சா சரியாப் பூடும்" என்றார். மதியம் மீன் குழம்பை ஒரு கை குறைத்திருக்கலாமே என்று நான் கிண்டல் செய்தேன். பதினோரு வருடத்தில் என் கிண்டலுக்கு அவர் பதில் சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவசரக்காரர்கள் வாசலில் நின்றார்கள். டார்ச்சோடு நாலு சக்கரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றினேன். நாலிலும் மஞ்சள் தெரிந்தது. ஐந்தரைக்குச் சாவியைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களைத் தாண்டி அலை சத்தம் வந்துகொண்டிருந்தது. தெரு முழுக்கச் சனம். எங்கள் ஷெட்டில் உயரம் வைத்த கார்கள் குறைந்தது இருபது நின்றிருக்கும். மூர்த்தி அண்ணன் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். "நான் ஆட்டோ கூப்ட ஓடசொல்லோ, 'எடு அண்ணாச்சி, எடு'ன்னு போனை கையில வச்சிகினு இருந்தா. உன்னாண்ட இன்னா சொன்னா அண்ணாச்சி?"

நான் பொய் சொன்னேன். "சிக்னல் சரியில்ல அண்ணே. ஒண்ணும் தெளிவா கேக்கல" என்றேன்.

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "உன் காதுலயாவது அவ கொரலு வுழுந்துச்சே. அது போதும்" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். ஆறுதல் சொல்லப் போன இடத்தில் ஆறுதல் வாங்கிக்கொண்டு, அதுவும் திருட்டுத்தனமாக வாங்கிக்கொண்டு, திரும்பி வந்தேன்.

அடுத்த மூன்று நாள் நான் மனிதனாக இல்லை. ஷெட்டைத் திறப்பேன், கம்ப்ரஸரைப் போட மாட்டேன். அதன் சத்தத்தில்தானே அவர் அழைப்பு காதில் விழாமல் போனது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரியையும் பார்த்தபடி இருப்பேன். ஆறு பத்து. ஆறு பதினாலு. முதல் அழைப்பு தவறிப்போனால் யாரும் விட்டுவிடுவார்கள். நாலு நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார் என்றால் எவ்வளவு தவித்திருப்பார்! சாப்பாட்டில் கை வைத்தால் 'எடு அண்ணாச்சி' என்று கேட்டது. மனைவி கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். கர்த்தரே, எதற்குக் கூப்பிட்டார் என்பதை மட்டும் தெரிவித்துவிடும் என்று ஜெபித்தேன். தெரிந்தால் ஒன்று நிம்மதி, இல்லாவிட்டால் தண்டனை. இரண்டில் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

வியாழக்கிழமை காலை முத்தையாவின் கார் வாசலில் வந்து நின்றது. கல்யாணம் முடிந்து திரும்பியிருக்கிறார்கள். கையில் ஒரு ஓலைப் பெட்டி நிறையக் கருப்பட்டி. இறங்கியதும் உள்ளே எட்டிப் பார்த்து, "எங்க அவங்க? கையெடுத்துக் கும்பிட்டுட்டு வரணும்னு அம்மா சொல்லிவிட்டா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"உங்ககிட்ட சொல்லலையா? நாங்க மாதவரம் தாண்டிப் போய்க்கிட்டிருக்கோம். ஆறு இருபது இருக்கும், போன் வருது. 'சார், வண்டிய ஓரம் கட்டுங்க. முன்னாடி இடது பக்கம் வளையம் பூட்டலை. எந்த ஷெட்டுலயாவது இறுக்கிட்டுப் போங்க'ங்காங்க. இறங்கிப் பாத்தா வளையம் கையாலயே சுத்துது. பிள்ளைங்க, அம்மா, எல்லாரும் உள்ள இருக்காவ. பைபாஸ்ல ராத்திரி பூரா ஓட்டப் போறேன். பக்கத்துல ஒரு ஷெட்டுல இறுக்கிட்டுத்தான் போனோம்."

டார்ச்சில் நாலு மஞ்சளைப் பார்த்தேனே! இடது முன்பக்கத்தில் நான் பார்த்தது காலையில் போட்ட கோடு. மதியம் வளையத்தைத் தளர்த்தியபோதே அது இரண்டு துண்டாகியிருக்கிறது. தனம் மறுபடி இறுக்குவதற்குள் மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தேன். சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. பதினோரு வருடம் அந்தக் கோட்டைத் தினமும் பார்த்த கண், அவசரத்தில் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் குடும்பத்தை அனுப்பி வைத்தது.

முத்தையா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "'அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க சார், பழைய கோட்டை அழிக்காம வந்தது என் தப்பு'ன்னாங்க. மூச்சு அப்படி வாங்குச்சு. என்னம்மா, ஓடியாந்தீங்களான்னு கேட்டேன். மாடி ஏறினேன்னாங்க."

தனத்தின் வீட்டில் மாடி இல்லை. படியே இல்லை. தெருவிலிருந்து ஒரு எட்டு வைத்தால் வீட்டுக்குள் இருப்போம்.

தனம் இறந்துபோனதை முத்தையாவிடம் சொன்னேன். கருப்பட்டிப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அந்த மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. தனம் தன் நெஞ்சு வலிக்காக என்னைக் கூப்பிடவில்லை. என் கையிலிருந்து போன ஒரு வண்டிக்காகக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு முறை நான் எடுக்காததால், இருந்த கொஞ்சம் மூச்சையும் முத்தையாவிடம் செலவழித்திருக்கிறார். இது தெரிந்தால் நிம்மதி வரும் என்று நினைத்தேன். எங்கே வருகிறது? நான் எடுத்திருந்தால் வளையத்தைப் பற்றித்தான் பேசியிருப்பார். ஆனால் அந்த மூச்சு என் காதில் விழுந்திருக்கும். மாடி ஏறினேன் என்று என்னிடம் சொல்லியிருக்க முடியாது. அந்த வீடு எனக்குத் தெரியும்.

எல்லோரையும் உட்காரவைத்து நானே ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றேன்; அன்றே முத்தையா வீட்டுக்குப் போன் செய்து எல்லோரையும் வரவழைத்தார். அவர் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் கீழே படுத்தேன். வழியில் இறுக்கிய ஷெட்டுக்காரர் நன்றாகவே இறுக்கியிருந்தார். தனத்தின் கோடு அப்படியே இருந்தது, பாதி வளையத்தில், பாதி அடிப்பிடியில், நடுவில் இரண்டு விரல் தள்ளி. உயரத்தை அளந்தேன். சரியாக இருந்தது. சாகும் நாளில், மார்பில் வலியோடு வைத்த உயரம், ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. அங்கே, அந்தக் காருக்குக் கீழேதான் எனக்கு அழுகை வந்தது. மேலே ஐந்து பேர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆடக் கூடாது என்று சனிக்கிழமை தனம் சொன்னது அவர்களுக்கு நினைவிருந்திருக்கும்.

வளையத்தை என் கையால் ஒருமுறை தளர்த்தி, மறுபடி இறுக்கினேன். அவருடைய பேனாவால் புதிதாக ஒரு கோடு போட்டேன். கோணலாக வந்தது. பழைய கோட்டை அழிக்கவில்லை. முத்தையாவிடமும் அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

மூர்த்தி அண்ணே, இதை உங்களுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான் எடுக்கவே இல்லை. அவர் குரல் என் காதில் விழவில்லை. போனில் கடைசியாக அதைக் கேட்டவர் முத்தையா. அவருடைய நம்பரை உங்களிடம் கொடுக்கிறேன், தனம் என்ன சொன்னார் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு என்னை அடிக்க வேண்டும் என்று தோன்றினால் ஷெட்டுக்கு வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன்.

தனத்திடமிருந்து என்னிடம் இருப்பது பாதி தீர்ந்த ஒரு மஞ்சள் பேனா. அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே போன். கம்ப்ரஸர் ஓடினாலும் உடம்பில் அதிர்வது தெரியும்படி வைத்திருக்கிறேன். இதைப் படிக்கும் எல்லோரும் நாளைக் காலை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வண்டிக்குக் கீழே குனிந்து, நாலு சக்கரத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், கோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று சேராமல் இருந்தாலும், சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும், எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யுங்கள். எடுப்பேன்.